அஞ்சு என்றால் நாலு

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யாராவது விசாரித்தால் நான் முதலில் சொல்வது இதுதான்: அவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பொய்யர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே கிடந்த பத்துக் காசைக் கூட யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். ஆனால் அவர் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் கால்வாசி வீங்கித்தான் வரும். கம்பெனியில் அவருக்குப் பெயரே கால்வாசி. முதலாளி கூட, "கால்வாசி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். அத்தானும் அதற்கு ஆஜர் சொல்வார்.

எங்களுடையது வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனி. நான் லாரி ஓட்டுகிறேன். அத்தான் மதிப்புப் போடுபவர். யாராவது வீடு மாறப் போகிறேன் என்று போன் செய்தால் முதலில் அவர்தான் போய் அறை அறையாக நடப்பார். அலமாரியைத் திறந்து பார்ப்பார், கட்டிலுக்கடியில் குனிவார், மாடிப்படியில் ஒரு முறை ஏறி இறங்குவார். பிறகு எத்தனை பெட்டி, எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்று சொல்வார்.

வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். "ரெண்டு கட்டில், ஒரு பீரோ, அவ்வளவுதாங்க" என்பார்கள். லாரி போய் நின்றதும் பரணிலிருந்து தையல் மெஷின் இறங்கும், குளியலறைக்குப் பின்னாலிருந்து உடற்பயிற்சி சைக்கிள் வரும், மொட்டை மாடியில் முப்பது பூந்தொட்டி நிற்கும். "அடடா, மறந்தே போச்சுங்க" என்பார்கள். இதில் பட்டுப் பட்டு, கணக்குப் போட்ட தொகைக்கு மேல் கால்வாசி கூட்டிச் சொல்வது என்று அத்தான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மறைந்திருந்த சாமான் வந்தால் கையைக் கடிக்காது. வராவிட்டால் கூட்டியதைக் கழித்துக் கொடுப்பார், வீட்டுக்காரர்கள் வாழ்த்துவார்கள். இருபது வருடமாக இதில் அவருக்குக் கெட்ட பெயர் வந்ததில்லை.

கெட்ட வழக்கத்துக்குத்தான் வீடு வாசல் தெரியாது என்றில்லை, நல்ல வழக்கத்துக்கும் தெரியாது. வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்தார். "எத்தனை நாளா இருமல்?" என்று டாக்டர் கேட்டால், "பத்து நாளா" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா அலட்டிக்கொள்ளாமல், "எட்டு நாள் டாக்டர்" என்பாள். விருந்துக்கு இருபத்தைந்து பேர் வருகிறார்கள் என்றால் அக்கா இருபது பேருக்குச் சமைப்பாள். சரியாக இருக்கும். அவர்கள் பெண்ணுக்கு வகுத்தல் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததே இதை வைத்துத்தான். "அப்பா சொல்றதை அஞ்சாப் பிரி. ஒண்ணைத் தூக்கிப் போடு. மிச்சம்தான் நிஜம்" என்பாள் அக்கா. அந்தக் குட்டி, பல்லு விழுந்த வாயால் அதை மந்திரம் மாதிரி ஒப்பிப்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அத்தானும் சிரிப்பார்.

அந்தக் குட்டிக்குத்தான் இப்போது கல்லூரியில் இடம் கிடைத்தது.

ஒன்றல்ல, இரண்டு இடம். ஒன்று பக்கத்துக் கல்லூரி. பஸ்ஸில் போய் வரலாம், செலவு அதிகமில்லை, ஆனால் வணிகவியல்தான் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய ஊரில். அங்கே நிலவியல். கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதுதான் பைத்தியம். பையில் கல் இல்லாமல் அவள் சட்டை துவைக்கப் போனதில்லை. "கல்லைப் படிக்கவா அவ்வளவு தூரம்? ஒரு லோடு நானே வாசல்ல கொட்டறேன்" என்றேன். "நீங்க கொட்டறது ஜல்லி மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அம்மா வாய்.

எங்கள் குடும்பத்தில் பெரிய செலவையெல்லாம் அத்தானின் மாதச் சம்பளத்தை வைத்துத்தான் அளப்போம். பிரிட்ஜ் ஒரு மாதம். அக்காவின் பல் வைத்தியம் அரை மாதம். தூரத்துக் கல்லூரிக்கு வருடத்துக்குப் பத்து மாதச் சம்பளம்.  ஆனால் மார்க்கையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து உதவி தருவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த உதவி எவ்வளவு என்று தெரிவதற்குள் வீட்டில் மூன்று பேருக்கும் தூக்கம் போய்விட்டது. அத்தான் இரண்டு தடவை வாடிக்கையாளர் வீட்டில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.

அக்கா ஒரு கோடு போட்டாள். அவள் ரொட்டி பேக்கரியில் பெட்டி அடுக்கும் வேலை பார்க்கிறாள். வீட்டுக் கணக்கு அவள் கையில். "நாலு மாசச் சம்பளம். அதுக்கு மேல ஒரு பைசா போனாலும் பக்கத்துக் காலேஜ். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் அழக் கூடாது. விரலுக்கேத்த வீக்கம்தான் வேணும்." குட்டி தலையாட்டினாள். அக்கா ஒரு தடவை வேண்டாம் என்றால் அது கல்லில் வெட்டியது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பதில் வந்தது. மொத்தம் பத்து, உதவி ஏழரை, நீங்கள் கட்ட வேண்டியது இரண்டரை என்று பெரிய எழுத்தில் இருந்தது. அத்தான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குட்டிதான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "அப்பா, இந்த ஏழரைல ஒன்றரை கடன். உதவின்னு எழுதிட்டு உள்ள கடனையும் சேத்திருக்காங்க" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் லாரியில் பின்பக்கம் ஏற்றி மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்டியிருப்பேன். கடன் கொடுப்பவன் எல்லாம் உதவி செய்பவன் என்றால் அடகுக் கடைக்காரனுக்குத்தான் முதலில் மாலை போட வேண்டும். கடன் கூடவே கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். "படிச்சு முடிச்சு வேலைக்குப் போற அன்னிக்கே தலையில மூட்டையோட போகணுமா?" ஆக இரண்டரை நாலு ஆயிற்று. சரியாகக் கோட்டின் மேல் வந்து நின்றது. இன்னும் ஒரு முழம் தள்ளினால் விழுந்துவிடும்.

அத்தானால் அந்த நாலை நம்ப முடியவில்லை. "அறையைப் பாக்காம மதிப்புச் சொல்றவன் இல்லடா நான்" என்றார். அந்த ஊருக்கு எங்களுக்கு ஒரு லோடு வந்தது. முதலாளியிடம் கெஞ்சி என்னோடு கிளம்பினார். சாமானை இறக்கிவிட்டு, லாரியைக் கல்லூரிச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனோம்.

விடுதியில் ஒரு அறையைத் திறந்து காட்டினார்கள். விடுமுறை என்பதால் காலியாக இருந்தது. அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன வீடு மாதிரியே நடந்தார். இரும்புக் கட்டில் இருந்தது, மெத்தை இல்லை. மேஜை இருந்தது, விளக்கு இல்லை. ஜன்னலில் கண்ணாடி இருந்தது, திரை இல்லை. அலமாரியைத் திறந்தார், கதவு கையோடு வந்தது. காப்பாளர் அம்மாவிடம் துணி துவைப்பது எப்படி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு உண்டா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சமையலறை மூடியிருக்குமாம், வெளியில் சாப்பிட்டுக்கொள்ள வேண்டுமாம். துவைக்கிற மெஷினுக்கு ஒவ்வொரு தடவையும் காசு போட வேண்டுமாம்.

நடைபாதையில், விடுமுறைக்கும் ஊருக்குப் போகாத ஒரு பெண் செருப்பில்லாமல் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அதே நிலவியல் படிப்பவள். அத்தான் அவளிடம், "வேற எதாவது செலவு வருமாம்மா?" என்று கேட்டார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். "மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க அங்கிள். வருஷத்துக்கு ரெண்டு தடவை. அதுக்குத் தனியாக் கட்டணும். பூட்ஸ், சுத்தியல் எல்லாம் நாமதான் வாங்கணும். அதை யார்கிட்டயும் முதல்ல சொல்ல மாட்டாங்க."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்கள் தொழிலில் வேடிக்கைக்குச் சொல்லிக்கொள்வோம். திரும்பி வரும்போது லாரியில் அதைச் சொல்லிப் பார்த்தேன். அத்தான் சிரிக்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக் கூட்டிக்கொண்டே வந்தார். டீ குடிக்க நிறுத்தியபோதும் இறங்கவில்லை. ஊர் எல்லை வரும்போது வாயைத் திறந்தார்.

"அஞ்சு வருது மச்சான்."

"கூட்டினதைக் கழிச்சிட்டுச் சொல்லுங்க அத்தான்."

"கூட்டலடா. இதுல ஒரு பைசா கூட்டல. பொண்ணு வாழ்க்கைல ஏத்திச் சொன்னா வாய் வெந்துடாதா? மூணு தடவை போட்டுட்டேன். ஊருக்கு வந்து போற டிக்கெட், மெத்தை, மலை, ஞாயித்துக்கிழமைச் சோறு... சுத்தமா அஞ்சு. உதவியும் முதல் வருஷத்துக்குத்தான் உறுதி. அடுத்த வருஷம் மார்க்கைப் பாத்துத்தானாம். அதை நினைச்சா ராத்திரி..." என்று நிறுத்திவிட்டார்.

அஞ்சு என்றால் பக்கத்துக் கல்லூரி. அக்காவின் கோடு அது. மனிதர் பெண்ணின் ஆசையில் தன் கையாலேயே கல்லைத் தூக்கிப் போடப் போகிறார். குறைத்துச் சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. குறைத்துச் சொல்வது அந்த மனிதருக்குத் தெரியாத வித்தை.

வீட்டுக்குப் போனோம். குட்டி கதவருகிலேயே நின்றாள். அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எந்தக் கல்லூரி என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஒன்றை எடுத்தால் மற்றது காத்திருப்பில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அத்தான் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு" என்றார். "எல்லாம் சேத்து அஞ்சு மாசம்." சொல்லிவிட்டுக் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "வாடா, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

தெருத் தெருவாக நடந்தோம். மூடிய பட்டறைகள், வெளிச்சமான மருந்துக் கடை, மறுபடி அதே பட்டறைகள். "அழுதிருப்பாளா?" என்று கேட்டார். கொஞ்ச தூரம் போய், "வணிகவியலும் நல்ல படிப்புதானே?" என்றார். "ராஜா படிப்பு" என்றேன். "கேலி பண்ணாதடா" என்றார்.  திரும்பிப் போகலாம் என்றால் இன்னொரு சந்து என்பார். நாங்கள் படியேறியபோது நன்றாக இருட்டிவிட்டது.

கதவைத் திறந்ததும் குட்டி ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அனுப்பிட்டேன்ப்பா! நிலவியல்! சரின்னு பதிலும் வந்துடுச்சு!"

அத்தான் பேயறைந்த மாதிரி நின்றார். "பக்கத்துக் காலேஜ்?"

"அதை விட்டுட்டேன். வேற யாருக்கோ போயிருக்கும் பாவம், எடுத்துக்கட்டும்."

"நான் அஞ்சுன்னு சொன்னேனேம்மா."

"அஞ்சுன்னா நாலு. எனக்குத் தெரியாதா உங்களை? அவங்க எழுதினதுலயும் நாலு, நீங்க பாத்துட்டு வந்ததுலயும் நாலு. அம்மாதான் சொன்னாங்க, ஒண்ணைத் தூக்கிப் போடு, நாலுதான், யோசிக்காம அனுப்புன்னு." அவள் சற்றே விலகி அவர் முகத்தைப் பார்த்தாள். "சரிதானேப்பா?"

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.  இருபது வருடமாகக் கூட்டியதெல்லாம் ஒரே நாளில் வட்டியோடு அவர் வாசலில் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் பெண்ணுக்கு இரண்டு கல்லூரியும் இல்லை, குற்றம் வேறு அவள் தலையில். சொல்லாவிட்டால் வருடா வருடம் ஒரு மாதச் சம்பளம் துண்டு விழும்.

"சரிதான்டா கண்ணு" என்றார். "நாலு கூட ஆகாது போலிருக்கு."

குட்டி குதித்தாள். சாப்பிடும்போது கல்லைப் பற்றியே பேசினாள். பூமிக்கடியில் என்னென்னவோ அடுக்கு இருக்கிறதாம். அத்தான் தலையாட்டிக்கொண்டே தட்டு ஓரத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார். பரிமாறியதைக் கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பெனிக் கொட்டகையில் நான் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினார். ஞாயிற்றுக்கிழமை லோடுகளுக்குத் தூக்குகிற ஆட்களை நான்தான் சேர்ப்பது வழக்கம். கூலி அன்றைக்கன்றைக்குக் கையில் வரும்.

"ஞாயித்துக்கிழமைக்கு என்னையும் சேத்துக்கோ."

"உங்களையா? அந்த இடுப்பை வெச்சுக்கிட்டா? குனிஞ்சு செருப்பு மாட்டவே ஆள் வேணும் உங்களுக்கு."

"பெல்ட் போட்டுக்கறேன். எல்லா வாரமும் வேணும் மச்சான், நாலு வருஷம்." கெஞ்சுகிற குரல் அது. "பீரோ தூக்கலாம், பிரிட்ஜ் தூக்கலாம். உங்கக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவ போட்ட கணக்கு தப்புன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. சத்தியம் பண்ணு."

கோபம்தான் வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆனாலும் அந்த முகத்துக்கு முன்னால் எப்படி மாட்டேன் என்பது? சத்தியம் செய்தேன். என்ன ஆனாலும் கனமான பக்கத்தை நானே பிடிப்பது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்து வரச் சொன்னாள். நான் போனபோது மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் குட்டி யாரோ தோழியிடம் உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"உண்மையைச் சொல்லு. நேத்து அவர் கூட்டிச் சொல்லலதானே?"

 லாரிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்ல வேண்டாம். எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "கூட்டிச் சொன்னா மனுஷன் நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்லுவார், இனிமே பேரம் பேசுங்கற மாதிரி. நேத்து கடிகாரத்தைப் பாத்துச் சொன்னார். அஞ்சுன்னா அஞ்சேதான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்க்கா ஒண்ணைத் தள்ளச் சொன்னே?"

 அவள் படியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

"அவ ஒரு வார்த்தை பேசலடா. அழுதிருந்தாக் கூடத் திட்டியிருப்பேன். சரிம்மா, பக்கத்துக் காலேஜுக்கே எழுதிடறேன்னு போய் உக்காந்தா. அந்த முதுகைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. நாலுக்கு மேல கிடையாதுன்னு கோடு போட்டது நான். நானே போய் அதை அழிச்சா, நாளைக்கு அவ ஒவ்வொரு ரூபாய்க்கும் பயந்துக்கிட்டே படிப்பா. நாலுன்னே இருக்கட்டும். நிம்மதியாப் படிக்கட்டும்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள். "நாலு கூட ஆகாதுன்னாரே, கேட்டியா? கல்யாணம் ஆனதிலேர்ந்து முதல் தடவையாக் குறைச்சுச் சொல்லியிருக்கார். மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல. அதான் நான் திரும்பவே இல்ல."

"துண்டு விழற பணத்துக்கு என்ன பண்ணப் போறே?"

"பேக்கரியில விடியக்காலை வேலைக்கும் எழுதிக் கொடுத்துட்டேன். அவர்கிட்ட ஆள் குறைவுன்னு சொல்லிக்கலாம். நான் தெரிஞ்சேதான் தள்ளினேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். அந்த மனுஷன் ராத்திரி முழுக்கப் புரண்டுக்கிட்டே இருந்தார்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைக் கூப்பிட்டது இதுக்குத்தான். அவர் சும்மா இருக்க மாட்டார். ஞாயித்துக்கிழமை லோடு தூக்கறேன்னு உன்கிட்டதான் வந்து நிப்பார். அந்த இடுப்பு போச்சுன்னா அஞ்சுமில்ல, நாலுமில்ல. ஆள் சேத்தாச்சு, இடமில்லைன்னு சொல்லிடு. எனக்குச் சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன்.